தினமும் கழற்றும் கார்பரேட்டர்

நெற்குப்பை
18-11-1970

அன்பு மகன் மருதுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம். அந்த பிலாய் குளிர்ல நீயும் அழகம்மாளும் வயித்துப் பிள்ளையும் சுகமா இருக்கணும்னு குன்றக்குடி முருகன்கிட்ட சொல்லிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மருமகளுக்குத் தாய் இல்லை, தை மாசம் பேறுகாலத்துக்கு நீங்கதான் வரணும்மான்னு எழுதியிருந்தே. படிச்சிட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன். வரலைன்னு எழுத மனசு வரலை, வாரேன்னு எழுத வழியில்லை. தூரத்துல இருக்க பிள்ளை வருத்தப்படுமேன்னு இம்புட்டு நாளும் எழுதாம இருந்தேன், இனிச் சொல்லித்தான் ஆகணும்.

ஆவணியில நம்ம காருக்குக் கல்யாண வாடகை ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. மாசா மாசம் காரோட கார்பரேட்டரைக் கழட்டிப் பெட்ரோல்ல கழுவுறது அப்பா வழக்கம்னு உனக்குத் தெரியும், அந்த மாசம் அதுக்குப் பொழுதில்லாமப் போச்சு. அதுக்குள்ள ஒரு வட்டத் தகடு இருக்கில்ல, ஆக்ஸிலேட்டரை மிதிச்சாத் திறக்கும், காலை எடுத்தா மூடும், அதுல கருப்பாப் பிசின் மாதிரி அழுக்குக் கட்டி, திருப்பத்தூர் சந்தைக்கிட்டப் போறப்போ திறந்தபடியே சிக்கிக்கிச்சு. அப்பா காலை எடுத்துட்டாக, ஆனா கார் சீறிக்கிட்டு ஓடுது, முன்னால சனம். சாவியைத் திருப்பி அணைச்சு, பிரேக்கை மிதிச்சு, ஓரமா ஒடிச்சிருக்காக, ரோட்டோரம் வெத்திலை வித்த அன்னக்கிளிங்கிற கிழவியோட கூடை மேல ஏறித்தான் கார் நின்னுச்சு. கூடைக்கு அங்குட்டு ஒரு சாண் தள்ளி அவ உக்காந்திருந்தா. ஒரு கீறல் இல்லை. ஆனா எந்திரிக்காம, அண்ணாந்து அப்பா முகத்தைப் பாத்து, என்னையக் கொல்லவாய்யா வந்தீகன்னு கேட்டாளாம். கண்டபடி வஞ்சிருந்தாக்கூட ஆறியிருக்கும்ப்பா. அந்தப் பேச்சு அப்பாவுக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு.

அன்னையிலேருந்து விடிஞ்சாச் சாக்கை விரிச்சு கார்பரேட்டரைக் கழட்டிருறாக. எனாமல் கிண்ணத்துல பெட்ரோல், பல்லு விளக்குற பிரஷ், என்னோட பழைய சேலைத் துணி. துடைக்கிறதும், வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறதும், வாயை வச்சு ஊதுறதும், மறுபடி துடைக்கிறதும்தான். மாட்டி முடிச்சாத் திரும்பக் கழட்டுறாக. சோத்துல, தண்ணியில, தலைமாட்டுல எல்லாம் பெட்ரோல் வாடை. காரைக்குடியிலேருந்து மெக்கானிக் வீரணனை வரவழைச்சேன். அவன் தகட்டை இழுத்து மூடுற சுருள்கம்பியைப் புதுசா மாத்திட்டு, அண்ணே, கண்ணாடி மாதிரி இருக்கு, இதுக்கு மேல தேச்சாத் தகடுதான் தேயும்னு சொன்னான். இவுக தலையை ஆட்டிட்டு, அவன் பஸ் ஏறுனதும் கழட்டிட்டாக. வித்துருவோம்னு ஒருநாள் சொன்னேன். வாங்குனவன் துடைக்காம ஓட்டி யாரையாவது கொன்னுட்டா அந்தப் பாவம் யாருக்குன்னு கேட்டாக. ஓட்டவும் மாட்டாக, விக்கவும் மாட்டாக, வாசலை மறிச்சுக்கிட்டுக் கார் நிக்குது, அதைச் சுத்திக்கிட்டு நாங்க ரெண்டு பேரும்.

ஐப்பசியில பக்கத்து வீட்டு மீனாட்சிசுந்தரம் ஆசாரிக்கு மரம் செதுக்குறப்போ வாச்சி நழுவி முழங்காலுக்குக் கீழே ஆழமா வெட்டிருச்சு. துண்டை இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிக்கலை. பஸ்ஸு போயிருச்சு, வண்டி மாடு கட்டிப் போனா ஆள் தாங்காது. ஆசாரி சம்சாரம் அண்ணே அண்ணேன்னு ஓடியாந்தா, இங்க கார்பரேட்டர் சாக்குல துண்டு துண்டாக் கிடக்குது. அப்பா குத்தவச்சு ஒவ்வொண்ணா மாட்டத் தொடங்கினாக. ஒரு திருகாணி மண்ணுல விழுந்துருச்சு, நான் குப்புறக் கிடந்து தேடி எடுத்தேன். மாட்டி முடிச்சதும் என்னையக் கார்ல உக்காத்தி, ஆக்ஸிலேட்டர் கட்டையை அமுத்து, விடு, அமுத்து, விடுன்னு சொல்லி, பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு மூடுது, மூடுதுன்னு தனக்குத்தானே சொன்னாக. பின்சீட்டுல ஏத்திப் படுக்க வச்ச ஆசாரி முனகுறார். போதும், எடுங்கன்னு கத்திட்டேன். என் கல்யாணத்துக்குப் பெறகு உங்க அப்பாவைப் பாத்துக் கத்துனது அதுதான் முதல் தடவை. அப்ப என்னையப் பாத்து, நீயும் வா, நீ வரலைன்னா நான் எடுக்க மாட்டேன்னாக. அடுப்புல உலை கொதிக்குது, அப்படியே போட்டுட்டு ஏறிட்டேன். திருப்பத்தூர் வரைக்கும் மாட்டுவண்டி வேகத்துல போனாக, கண்ணுல தண்ணி வழியுது, துடைக்கலை. ஆனா கொண்டுபோய்ச் சேத்துட்டாக. தையல் போட்டுக் காலைக் காப்பாத்திட்டாக டாக்டர். ஆசாரி இப்பக் கம்பு ஊனி நடக்குறார்.

இதோட தெளிஞ்சிரும்னு நினைச்சேன். தெளியலை, வேற மாதிரி ஆயிருச்சு. இப்ப வாடகைக்குப் போறாக, ஆனா நான் முன்சீட்டுல இருந்தாத்தான். நீ இறங்குனா எனக்குக் கை நடுங்குதுங்கிறாக. கல்யாண வீட்டுக்காரக பின்னால நெருக்கியடிச்சு உக்காந்துக்கிட்டு, டிரைவர் சம்சாரத்துக்கு ஒரு சீட்டான்னு என் காது கேக்கவே பேசுறாக. கோயில் வாசல், ஆஸ்பத்திரி வாசல், சிவகங்கைக் கோர்ட்டு வாசல், எங்க போனாலும் வெயில்ல வெந்துக்கிட்டு உள்ளேயே இருக்கேன். எங்க அண்ணன் பேத்தி காதுகுத்தைக் காரு கண்ணாடி வழியாத்தான் பாத்தேன், அண்ணன் மக வாங்க அத்தைன்னு கூப்புட்டதுக்கு இறங்க முடியலை. நான் ரயிலேறி பிலாய் வந்தா இவுக இங்க என்ன ஆவாகன்னு நீயே சொல்லு. கூட்டிக்கிட்டு வந்துரலாம்னு கேட்டுப் பாத்தேன், காரை யார் துடைக்கிறதுங்கிறாக.

அதனால என் தங்கச்சி வள்ளிக்கண்ணை அனுப்புறேன். உனக்குச் சின்னம்மாதானே, ரெண்டு பிள்ளைப்பேறு பாத்த கை. லேகியமும் சுக்கும் குடுத்து விடுறேன். அழகம்மா குடம் தூக்க வேண்டாம், குளிர்ல வெறுங்காலோட நிக்க வேண்டாம். அத்தை வரலைன்னு அந்தப் புள்ளை குறைபட்டா, வர ஆசையில்லாம இல்லைன்னு மட்டும் சொல்லு. சின்னம்மாவுக்கு வேற பாஷை தெரியாது, மெட்ராசுக்கே வந்து கூட்டிக்கிட்டுப் போயிரு, மறந்துராதே. அப்பாவுக்குத் தனியா எழுது, காரைப் பத்தி ஒண்ணும் கேக்காதே. பேரப்பிள்ளையைப் பத்தி எழுது.

இப்பல்லாம் ரோட்டுல போறப்போ கொஞ்ச தூரத்துக்கு ஒருக்கா, சத்தம் சரியா இருக்கான்னு என்கிட்டக் கேக்குறாக. எனக்கு என்ஜின் சத்தத்துல நல்லது கெட்டது என்னய்யா தெரியும். சரியா இருக்குங்கன்னு சொல்றேன். அடுத்த வளைவு வரைக்கும் ஓட்டுறாக.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையில்லாம, பேரும் பிள்ளையுமா நிறைஞ்சு வாழணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னுத்தாயி