சத்தம் போடாத பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் மென்பொருள் வந்து சேர்ந்தது. கண் தெரியாத அக்கா யார் துணையும் இல்லாமல் இணையத்தில் உலாவ வேண்டும் என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்திருக்கிறாய். நன்றாக இரு. பக்கத்தை ஓர் ஆண் குரல் உரக்கப் படிக்கிறது, சரி. ஆனால் கூடவே தலைப்பு வந்தால் முரசு, இணைப்பு வந்தால் மணி, படம் வந்தால் குயில், விளம்பரம் வந்தால் தவளை! வானிலை பார்க்கத்தான் போனேன். வீட்டுக்குள் மிருகக்காட்சிசாலையே வந்து இறங்கிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்னடி இது, ஏதாவது வெடிக்கப் போகுதா?" என்றாள். பிறகு வழக்கம்போல, "தள்ளு, நானே படிச்சுச் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பகல் முழுக்கக் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் புகாரைத் தொலைபேசியில் கேட்கிறேன். வீட்டிலாவது காதுக்கு ஓய்வு வேண்டாமா? சத்தமில்லாமல் விரலால் படிக்கும்படி ஏதாவது செய்யேன்.

உன் அக்கா

பிப்ரவரி 9

அன்பு அக்காவுக்கு,

காதுக்குச் செய்து தா என்றாய், செய்தேன். இப்போது விரல் என்கிறாய். அந்த முரசையும் குயிலையும் கேட்டுவிட்டு எங்கள் அலுவலகமே கைதட்டியது, தெரியுமா? தவளை பிடிக்காவிட்டால் நிறுத்திவிடு. ஹெட்போன் மாட்டிக்கொள். அப்படி என்ன ரகசியம் படிக்கப் போகிறாய்? பக்கத்திலேயே அம்மாவும் இருக்கிறாள். நீங்கள் இருவரும் ஒன்றாக இருப்பதால்தான் நான் இவ்வளவு தூரத்தில் நிம்மதியாக இருக்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 12

தம்பி,

ஹெட்போன் மாட்டினேன். அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒரு பக்கத்தைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு, "என்ன சொல்றான் இவன்?" என்றாள். நான் படிப்பதெல்லாம் அவளுக்கும் செய்தி. கைதட்டினவர்களை ஒரு வாரம் இந்த வீட்டுக்கு அனுப்பி வை. உனக்குப் புண்ணியமாகப் போகும், விரலுக்கு ஏதாவது செய்.

பொறுமை போன அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

போதுமா? தட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். கணினியில் செருகு. இணையப் பக்கத்தில் உள்ளது வரிவரியாகப் பிரெய்ல் புள்ளியாக எழும்பும். தலைப்புக்கு ஒரு மேடு. இணைப்பு என்றால் விரலடியில் மெல்ல அதிரும், அழுத்தினால் திறக்கும். அந்தப் புள்ளிகள் ஒழுங்காக எழும்புவதற்குள் என் உயிரை வாங்கிவிட்டன. இனி ஒரு குறை சொன்னாலும், அக்கா என்றுகூடப் பார்க்கமாட்டேன்.

தம்பி

ஜூன் 2

தம்பி,

குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கே ஆச்சரியம்தான். அம்மா பக்கத்தில் காய் நறுக்குகிறாள், நான் பாட்டுக்குப் படிக்கிறேன். "சும்மா தடவிக்கிட்டே இருக்கியே, அதுல என்னடி இருக்கு?" என்கிறாள்.

அந்த மொழிபெயர்ப்பு நிலையத்து வேலையைப் பற்றிப் போன வருடம் உன்னிடம் சொன்னேனே, நினைவிருக்கிறதா? அப்போது அம்மாதான் அந்தப் பக்கத்தைப் படித்தாள். "தேதி முடிஞ்சு போச்சும்மா, விட்டுத் தள்ளு" என்றாள். நானும் விட்டுவிட்டேன். இப்போது நானே படித்தேன். கடைசித் தேதி என்று ஒன்று கிடையவே கிடையாது. வருடம் முழுக்க ஆள் எடுக்கிறார்கள். நம்ப முடியாமல் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன்.

விண்ணப்பித்தேன், தேர்வு எழுதினேன், கிடைத்துவிட்டது. வெளியூர். அடுத்த வாரம் கிளம்புகிறேன். அம்மாவிடம் இன்று சொல்லப் போகிறேன்.

அக்கா

ஜூன் 5

அக்கா,

இதற்காகவா செய்து தந்தேன்? அம்மா போனில் அழுகிறாள். "அவ போறாடா, நீதான் வழி பண்ணிக் குடுத்துட்ட" என்கிறாள். தேதி விஷயத்தில் அவள் சொன்னது பொய்தான், தப்புதான். பயத்தில் சொல்லியிருப்பாள். அதற்காக இப்படியா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இனி அவளை யார் பார்த்துக்கொள்வது? புது ஊரில் தெருவைக் கடக்க உனக்குத்தான் யார் இருக்கிறார்கள்? யோசித்துப் பதில் எழுது.

தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

தெருவைக் கடந்துதான் இந்த அறைக்கு வந்து சேர்ந்தேன். முழங்காலில் ஒரு காயம், உயிர் போகவில்லை.

அம்மாவுக்குக் கை கால் திடமாகத்தான் இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு வேலையாக இருந்தது. அந்த வேலையை நான் பிடுங்கிவிட்டேன். கிளம்பும் அன்று கேட்டேன்: "ஏம்மா, தேதி முடிஞ்சு போச்சுன்னு சொன்னே?" அதற்கு அவள், "அங்க உனக்கு யாரு படிச்சுச் சொல்லுவா?" என்றாள்.

"நானே படிச்சுக்குவேன்மா."

"சரி. அப்ப நான் யாருக்குப் படிக்கிறது?"

கோபத்தோடுதான் கேட்டேன், கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் அவள் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். பதில் வருகிறதா பார்.

அடுத்த மாதம் அம்மா இங்கே வருகிறாள். அதற்கடுத்த மாதம் உன் வீட்டுக்கு. டிக்கெட் போட்டாகிவிட்டது, நானேதான் போட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அறையை ஒழித்து வை.

அக்கா