குளிரை உள்ளே விடாத ஜெர்கின்

என் அன்பான கிரேசி அப்பாவுக்கு,

தச்சநல்லூரில் சில நாளாக விடாத கோடை மழை. வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். உங்களிடம் சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது.

வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டி, எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்தவர் நீங்கள். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கியதும் அந்த உடம்புக்குள் குளிர் எப்படிப் புகுந்தது? எந்திரத்திலிருந்து ரத்தம் திரும்ப ஏற ஏறப் பல் தந்தியடிக்கும். எத்தனை போர்வை போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது.

கனடாவில் நர்ஸாக இருக்கும் நம் மகள் கிரேசி, "அப்பாவுக்கு ஜாக்கெட் அனுப்பியிருக்கேன்" என்றபோது, ரவிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். வந்தது ஜெர்கின். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி நூலாக்கித் தைத்ததாம். உள்ளே பஞ்சுபோல் அடைத்திருந்ததும் அதுதானாம். காற்றோ மழையோ தாண்டாது என்றாள். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற உங்களைப் பார்த்து டீக்கடைக்காரர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, காஷ்மீருக்கா பொறப்பட்டாச்சு?"

"டயாலிசிஸுக்குத்தான்வே. அங்கன அடிக்கிற குளிருக்கு காஷ்மீர் தோத்துப் போவும்."

ஊசி ஏறும் இடது கையை மட்டும் வெளியே எடுத்துவிட்டு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிடுவேன். "ஏட்டி, இப்பதான் உசுரு வந்த மாதிரி இருக்கு" என்பீர்கள்.

போன ஆடியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. கிரேசி வந்து சேரும்வரை உங்களை வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டி வந்தது. வெறும் வேட்டி சட்டையோடு உங்களை அதற்குள் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜெர்கினை மாட்டிவிட்டேன்.

"இனி அவனுக்கு என்னம்மா குளிரு?" என்று உங்கள் அக்கா அழுதார்கள். நான் காதில் வாங்கவில்லை. பெட்டி கொண்டுவந்தவர்தான் பைய அருகில் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இது குளிர உள்ள விடாது. மக வாற வரைக்கும் ஒடம்பு தாங்காது."

உங்களுக்குக் குளிராமல் இருக்க வேண்டுமா, அவள் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமா? இப்படி ஒன்று வந்தால் உங்களிடம்தானே கேட்பேன். யாரிடம் கேட்க?

நானே ஜிப்பை இறக்கினேன். மூடியைச் சாத்தினார்கள். கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரேசி வந்து உங்கள் கன்னத்தைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். "ஜெர்கின எங்கம்மா? அப்பாவுக்குக் குளிருமேன்னுதானே அனுப்புனேன்!"

நடந்ததைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. என் மடியில் முகம் புதைத்து அழுதாள். கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படும்முன் அதை உங்களுக்குப் போட்டுவிடப் பார்த்தோம். கை மடங்கவில்லை. மார்மேல் போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டாள். அதன்பிறகுதான் சவப்பெட்டியை மூட விட்டாள்.

நேற்று மருமகன் போன் செய்தார். கிரேசி முழுகாமல் இருக்கிறாளாம். நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள். பேறுகாலம் அங்கே பனி கொட்டும் மாதத்தில். என்னை வரச் சொல்கிறார்கள். திருச்செந்தூர் தாண்டி நான் எங்கே போயிருக்கிறேன்? அன்று நானும் உங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பிறகு, குளிரென்றாலே என் கை பின்வாங்குகிறது. அந்த ஊரில் எப்படி இருப்பேன்?

ஆனாலும் போகிறேன். அந்தப் பிள்ளையின் உள்ளங்கால்கூடச் சில்லிட விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள்,
கிரேசி அம்மா