உன் பேரைச் சொல்லி வாங்கிய ரீல்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே நீ சுகம்தானா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஊரார் வாயைத் திறந்து பார்க்கிற மும்முரத்தில் உன் வாயை மறந்துவிடுகிறாயா என்று எழுது. முந்தாநாள்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பற்றி அவரையே வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது. அதனால்தான் கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, பின்னறையில் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, ஒரு செருப்புப் பெட்டியை மடியில் கவிழ்த்துப் போட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெட்டியைத் திட்டு, என்னைத் திட்டாதே.

போன மாதம் நீ இந்த முறை லீவு கிடைப்பது சந்தேகம் என்று சொன்னாய், நினைவிருக்கிறதா. அப்பாவும் உடனே, பரவாயில்லம்மா, ஏரியிலயும் இப்ப மீனே இல்ல, வந்து என்ன பண்ணப் போறோம் என்று சொன்னார். அதைக் கேட்டு நீயும் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாய். கண்ணு, அது பச்சைப் பொய். ஏரியில் மீன் துள்ளிக்கொண்டுதான் இருந்தது, உன் அப்பாதான் அந்தப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் விடியும் முன்னே எழுந்து தூண்டில் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, என்னை எழுப்பாமல் கிளம்புவதாக நினைத்து வீட்டையே எழுப்பிவிட்டுப் போகிறவர், வரிசையாக நாலைந்து ஞாயிறு வீட்டிலேயே கிடந்தார். கிடந்தால்கூடப் பரவாயில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நம் ஃபிரிட்ஜை ஒரு நாள் நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டுக் கழற்றினார். கேட்டால் உள்ளே ஏதோ சத்தம் வருகிறதாம். அவர் கழற்றும் வரை வரவில்லை, இப்போது வருகிறது. பதினைந்து வருடமாகக் கதவு கிறீச்சிடாத பீரோவுக்கு எண்ணெய் விட்டார், என் புடவையெல்லாம் மெஷின் வாசனை. ஓய்வு பெற்ற மெக்கானிக்கை வீட்டில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை உனக்கு எழுதினால் தபால் தலை போதாது. ஆனால் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. மனுஷர் ஏரியை விட்டுவிடுவாரோ என்று பயம். நீ வரும்போதெல்லாம் நீங்கள் ரெண்டு பேரும் ஏரிக்குள் நீளும் அந்தப் பலகை மேடையின் நுனியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பீர்களே, அதற்காகத்தான் அவர் வருடம் முழுக்கக் காத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

காரணம் என்னவென்று சொல்கிறேன், சிரிக்காதே. சிரித்தாலும் அவர் காதில் விழாமல் சிரி. உன் அப்பாவின் உடம்பைப் பார்த்தால் கதவு நிலையே ஒதுங்கி வழிவிடும், கை மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை. அவர் மோதிரம் என் நடுவிரலில் ஏறாது என்பது உனக்குத் தெரியும். அந்தக் கையால்தான் அவர் வேலையில் பேர் வாங்கினார். கம்ப்ரஸருக்குப் பின்னால் மற்றவர்கள் முழங்கை வரை சிராய்த்துக்கொண்டு துழாவுகிற இடத்தில் இவர் கை வழுக்கிக்கொண்டு போய் வேலையை முடித்துவிட்டு வரும். எங்கே மாட்டிக்கொண்டாலும் குட்டிக்கையைக் கூப்பிடு என்பார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள், இவருக்கு மட்டும் அது சுருக்கென்று தைத்தது. நம் வீட்டில் சின்னது என்ற சொல்லையே கை விஷயத்தில் யாரும் வாயில் எடுப்பதில்லை. நீ பல் வைத்தியம் படிக்கப் போனபோதுகூட, என் பொண்ணு கை வாய்க்குள்ள போறதே தெரியாதாம், அவ்வளவு நைசான கை என்று தெருவெல்லாம் சொன்னார். நைசு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. நீ விட்டுப்போன நீலக் கம்பளிக் கையுறையைக் குளிர் காலையில் அவர்தான் போட்டுக்கொண்டு போகிறார், அதுவும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தூண்டில் கம்பில் நரம்பைச் சுற்றுகிற அவருடைய பழைய ரீல் பல்சக்கரம் தேய்ந்து போய்விட்டது. புதிதாக வாங்க லாரி மாமாவோடு போனார். லாரி மாமாவின் கையை நீ பார்த்திருக்கிறாய், முறம் மாதிரி இருக்கும், ஓய்வு பெற்றும் இன்னும் ஸ்டியரிங் பிடித்தபடியே நடப்பார். தூண்டில் கடையில் நிற்கிற பெண் நல்ல பெண், ஆனால் தொழிலுக்குப் புதுசு. உங்க கைக்கு இதைவிடச் சின்னது காட்டட்டுமா சார் என்று லாரி மாமாவின் முன்னாலேயே கேட்டுவிட்டாள். போதாதா. அந்தக் கடையில் இருந்ததிலேயே பெரிய ரீல் எதுவோ அதை வாங்கிக்கொண்டு மீசையைத் தடவியபடி வந்து சேர்ந்தார். மேஜை மேல் வைத்தால் மேஜை சாய்கிறது. அதைக் கம்பில் மாட்டிப் பிடித்தால், நரம்பை ஆள்காட்டி விரலால் இழுத்து வைத்துக்கொண்டு வீசவேண்டும் அல்லவா, இவர் விரல் நரம்பு சுற்றியிருக்கிற உருளையின் விளிம்புக்கே எட்டவில்லை. எட்டாத விரலால் எட்டியது போலப் பாவனை செய்துகொண்டு மூன்று ஞாயிறு வீசினார். மணிக்கட்டு வீங்கிப்போய், குழாயில் இடித்துக்கொண்டேன் என்று என்னிடம் சொன்னார். நான்காவது ஞாயிறு கையை ஓங்கும்போதே நரம்பு நழுவி, தூண்டில் முள் முன்னால் போகாமல் பின்னால் போய் லாரி மாமாவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஏரியில் விழுந்தது. லாரி மாமா சும்மா இருந்திருக்கலாம். என்னப்பா, கை எட்டலையா என்று சிரித்துவிட்டார். அன்றைக்குக் கம்பைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்தான், பிறகு ஏரியில் மீன் இல்லாமல் போனது.

எனக்கு இது பழகிய வியாதி. இத்தனை வருடமாகச் செருப்புக் கடையில் ஊரார் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அளவு விஷயத்தில் உண்மை பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்கள் ஒரு அளவு குறைத்துச் சொல்வார்கள், ஆண்கள் ஒரு அளவு கூட்டிச் சொல்வார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று உள்ளே போய்ச் சரியான அளவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, இந்தக் கம்பெனிக்காரன் எப்பவும் கொஞ்சம் பெரிசாத்தான் சார் தைப்பான் என்று பழியைக் கம்பெனி மேல் போட்டுவிடுவேன். காலும் பிழைக்கும், கௌரவமும் பிழைக்கும். அதனால் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் உன் நீலக் கையுறையைப் பையில் போட்டுக்கொண்டு தூண்டில் கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததுமே, ஐயோ அக்கா, அன்னைக்கு சார் கோவிச்சுக்கிட்டாரா என்று முகம் வாடிப்போனாள். கோபமெல்லாம் இல்லை, நம்ம தொழிலில் சின்னது என்று சொல்லக்கூடாது, லேசு என்று சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டு, இந்தக் கையுறை யாருக்குச் சரியாக இருக்குமோ அவர்களுக்கு ஒரு ரீல் கொடு என்றேன். அவள் கெட்டிக்காரி. கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு பார்த்தாள், அவளுக்குத் தைத்தது போல இருந்தது. அப்புறம் அந்தக் கையாலேயே ஒவ்வொரு ரீலாகக் கம்பில் பூட்டிப் பிடித்துப் பார்த்தாள். ரீலுக்குக் கால் உண்டாம், தெரியுமா உனக்கு. கம்போடு பொருந்துகிற தண்டை அவள் கால் என்றுதான் சொன்னாள். கால் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, இனி அது என் இலாகா. அந்தக் கால் விரல்களுக்கு நடுவே உறுத்தாமல் உட்காரவேண்டும், அங்கிருந்து விரலை நீட்டினால் சிரமப்படாமல் உருளையின் விளிம்பைத் தொடவேண்டும், சுற்றுகிற பிடி உள்ளங்கையை அடைக்காமல் ரெண்டு விரலுக்குள் அடங்கவேண்டும், எடை மணிக்கட்டை இழுக்கக்கூடாது, இவ்வளவுதான் விஷயம். நாலாவது ரீலில் எல்லாம் பொருந்தியது. இத்தனூண்டு இருக்கிறதே, கெண்டை தாங்குமா என்று கேட்டேன். ஏரிக் கெண்டைக்கு இது தாராளம் அக்கா, பெருசு கடலுக்குப் போறவங்களுக்கு என்றாள்.

இப்போதுதான் இந்தக் கதைக்குள் நீ வருகிறாய். வீட்டுக்குக் கொண்டுபோய், உன் பெண்ணுக்கு வாங்கினேன், அவள் வரும்போது புதுசாக இருந்தால் முரண்டு பிடிக்குமாம், கொஞ்சம் ஓட்டிப் பழக்கி வையுங்கள் என்று அவர் முன்னால் வைத்தேன். கடையில் புதுச் செருப்பை வீட்டுக்குள்ளேயே நடந்து பழக்கச் சொல்வோமே, அதே வசனம்தான். எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் ரீலைப் பார்த்தார். இதெல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க சாமான் என்றார். ஆமாம், அதனால்தான் அவளுக்கு வாங்கினேன் என்று நான் சமையலறைக்குள் போய்விட்டேன். ஞாயிறு விடிவதற்குள் கட்டிலுக்கு அடியில் உருட்டும் சத்தம் கேட்டது. தூங்குகிற மாதிரி கிடந்தேன். அன்றைக்கு ஒரு கெண்டை கொண்டுவந்தார், பிள்ளைக்காகப் போக வேண்டியிருக்கு என்று அலுத்துக்கொண்டே மீசைக்குள் சிரித்தார். அதற்கடுத்த ஞாயிறும் பிள்ளைக்காகப் போனார். நடுவில் ஒரு புதன்கிழமைகூடப் பிள்ளைக்காகப் போனார் என்றால் பார்த்துக்கொள். லாரி மாமா வந்து, என்னமா வீசுறான், எதிர்க்கரை வரைக்கும் போகுது என்று சொல்லிவிட்டுப் போனார், அவர் தலையில் புதுத் தொப்பி.

உன் அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்று நானும் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன், நேற்று வரைக்கும். நேற்று அந்தத் தூண்டில் கடைப் பெண் செருப்பு வாங்க நம் கடைக்கு வந்தாள். (கால் அளவை ஒன்று குறைத்துச் சொன்னாள், அது வேறு கதை.) அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போது, அக்கா, சார் போன வாரம் வந்து இன்னொண்ணு வாங்கிட்டுப் போனாரே, பொண்ணுக்குப் பிடிச்சுதா என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பொண்ணுக்கு என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் அப்பா கடைக்குள் வந்து, வேறு ஆள் யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கல்லா மேஜை மேல் தன் கையை விரித்து வைத்தாராம். என் வீட்டுக்காரி எனக்கு ஒரு ரீல் வாங்கிட்டு, பொண்ணுக்குன்னு சொல்லியிருக்கா, செருப்புக் கடைக்காரியோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா, ஆனா பொண்ணு வந்து அவ ரீலு எங்கேன்னு கேட்டா நான் எங்கே போறது, அதனால அதே மாதிரி இன்னொண்ணு குடும்மா என்றாராம். அளவு என்ன சார் என்று இவள் கேட்டதற்கு, அவ கையும் இந்தக் கை மாதிரிதாம்மா, சின்னது என்றாராம். சின்னது என்று அவர் வாயாலேயே, யாரும் பிடுங்காமல் சொல்லியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை, இந்தப் பெண் கேட்டிருக்கிறாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது, அவள் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

சாயங்காலம் அவர் காற்று வாங்கப் போன நேரம் பார்த்து உன் அறைக்குப் போனேன். உன் அலமாரியின் மேல்தட்டில், பழைய புத்தகங்களுக்குப் பின்னால், துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அச்சு அசலாக அதே ரீல். எனக்குத் தூண்டில் தெரியாது, ஆனால் செருப்புக் கடைக்காரிக்கு இடதும் வலதும் தெரியாமல் போகுமா. அவருடையதில் சுற்றுகிற பிடி இடப்பக்கம் இருக்கிறது. இதில் அதைக் கழற்றி வலப்பக்கம் மாற்றிப் பூட்டி வைத்திருக்கிறார். நம் வீட்டில் இடதுகையால் கம்பு பிடிக்கிற ஆள் நீ ஒருத்திதான். இருந்தது இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். லீவு சந்தேகம் என்று நீ சொன்ன பிறகு செய்த வேலை இது, அதை மட்டும் யோசித்துக்கொள். உன் பெரிய டாக்டரிடம் இன்னொரு தடவை கேள். அந்த ஊர்ப் பற்கள் பத்து நாள் வாயிலேயே இருக்கட்டும், எங்கேயும் ஓடிப்போய்விடாது.

குளிர் வந்துவிட்டால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. போன மாதம் அனுப்பிய பூட்ஸ் தளர்வாக இருந்தால் உள்ளே ஒரு அட்டை வைத்துக்கொள், நீ சொன்ன அளவை நான் நம்பவில்லை, நானாக ஒரு அளவு கூட்டித்தான் அனுப்பினேன். எந்தக் குறையும் இல்லாமல், தொட்ட காரியம் துலங்கி, நீண்ட ஆயுளோடு நீ நன்றாக இருக்கவேண்டும் என்று நாங்கள் ரெண்டு பேரும் வாழ்த்துகிறோம். அப்பாவின் வாழ்த்தை அவரைக் கேட்காமலேயே சேர்த்து எழுதியிருக்கிறேன். கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, போனில் ஒன்றும் தெரியாதவள் போலப் பேசு. இங்கே வந்து அப்பா ரீலைக் கொண்டுவந்து உன் கையில் வைக்கும்போது, எவ்வளவு சரியாக இருக்குதுப்பா என்று ஆச்சரியப்படு, வேண்டுமானால் கட்டிப் பிடித்துக்கொள். யார் கையை வைத்து அளவு எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா