ஈடுகாடு

1984

மார்ச் 12

ஏர்கான் இன்றும் ரிப்பேர். டைப்ரைட்டரில் ஓர் எழுத்தை அடித்தால் உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது, விரலால் நிமிர்த்திவிட வேண்டும். பல வருடமாக இங்கே டைப்பிஸ்ட். மிஷினை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க இன்னும் வாய் வரவில்லை.

மதியம் சேதுபதி சார் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் புராஜெக்ட் மேனேஜர். வேலை நேரத்தில் ஆங்கிலம், கோபம் வந்தால் தமிழ். சுங்கை கெத்தாம் ஆற்றின் முகத்துவாரத்தில் சதுப்புக் காட்டை வெட்டி, மண் கொட்டித் தூர்த்து, கிடங்குகள் கட்ட எங்கள் கம்பெனி அனுமதி கேட்கும் விண்ணப்பம். முதல் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது.

அது அண்ணன் இருக்கிற இடம். இஞ்ஞாசி அண்ணனுக்கு அந்தச் சேற்றை விட்டால் வேறு பிழைப்புக் கிடையாது. அங்கே நண்டு பிடித்துத்தான் தேக்கா மார்க்கெட்டில் போடுகிறார். தகரக் கூரை வீடு, ஒரு சம்பான் படகு, அல்போன்சம்மாள் அண்ணி, அவ்வளவுதான் அவர் உலகம்.

முழுதும் அடித்து முடித்துக் கொடுத்தேன். ஒரு தப்புக்கூட இல்லை என்று சார் பாராட்டினார்.

மார்ச் 18

லூர்து மாதா கோவிலில் பூசை முடிந்ததும் அண்ணனிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "எத்தனை தடவை தூர்க்கப் போறோம்னு சொல்லியிருக்காங்க, ஜோதி. தூர்க்கட்டும் லா. எனக்கு முன்னாடி நண்டுங்ககிட்ட போய்ச் சொல்லு."

அண்ணி சிரிக்கவில்லை. குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

மே 4

பறவை பார்க்கப் போகிற கூட்டம் ஒன்று பேப்பரில் எழுதிவிட்டது. அந்தச் சதுப்பில்தான் கொக்குகளும் நாரைகளும் இரை தேடுகின்றனவாம், அழித்தால் திரும்பாதாம். விண்ணப்பம் மேலிடத்தில் நின்றுபோயிற்று. சார் இன்று முழுக்கத் தமிழ்தான்.

மனதுக்குள் எனக்குக் கொண்டாட்டம். வீட்டுக்குப் போகிற வழியில் கோவிலில் இறங்கி மெழுகுவர்த்தி ஏற்றினேன். சம்பளம் கொடுக்கிற கம்பெனிக்கு எதிராக ஏற்றிய மெழுகுவர்த்தி. மாதா கணக்கில் எடுத்துக்கொள்வாரா?

ஜூன் 21

அனுமதி வந்துவிட்டது. ஒரு நிபந்தனையோடு. அழிக்கிற காட்டுக்குச் சமமாக வேறோர் இடத்தில் சதுப்புக் காட்டை மீட்டுத் தர வேண்டும், செலவு கம்பெனியுடையது. கிராஞ்சிப் பக்கம் கைவிட்ட இறால் குளம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். முன்பு அதுவும் சதுப்புக் காடாக இருந்ததாம்.

"ஒண்ணு போனா ஒண்ணு வருது. ஃபேர்தானே, ஜோதி?" என்றார் சார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்று எழுதுவதுதான் சரி. அந்த வேகத்திலேயே அண்ணனைப் பற்றிச் சொல்லி, காட்டைப் பார்த்துக்கொள்ள அவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். உடனே சரி என்றுவிட்டார். மிஷினுக்குத் திறக்காத வாய் அண்ணனுக்குத் திறந்தது.

ஜூன் 24

ஆற்றுவாயில் அண்ணன் மட்டும்தான் இன்னும் காலி செய்யச் சம்மதிக்காமல் இருந்தார். போய் உட்கார்ந்து சொன்னேன். கிராஞ்சியில் புதுக் காடு வரும், மரம் வளர்ந்தால் நண்டு வரும், அதுவரைக்கும் கம்பெனிச் சம்பளம், புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி வீடு. முதல் நண்டு நீங்கள்தான் பிடிப்பீர்கள் என்றேன்.

அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார். "நீ சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு கேள்வி கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 7

கிராஞ்சியில் நான்கு மொழியில் பலகை வைக்கிறார்கள். தமிழ் வாசகம் எழுதுவது என் பொறுப்பு. ஆங்கிலத்தில் இருப்பதற்கு 'மாற்றுக் காடு' என்று எழுதினால் மாற்றுச் சாவி மாதிரி இருக்கிறது. 'ஈட்டுக்காடு'தான் இலக்கணப்படி சரி, ஆனால் அடகுக் கடை ஞாபகம் வருகிறது. கடைசியில் 'ஈடுகாடு' என்று போட்டேன். இழந்ததற்கு ஈடாக வருகிற காடு. நானே உண்டாக்கிய சொல். வாயில் சொல்லிப் பார்க்க நன்றாக இருக்கிறது. இன்று ஏனோ சந்தோஷம்.

செப்டம்பர் 15

நடவு விழா. பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு கன்று நட்டார்கள். பாக்காவ் என்கிற சதுப்பு மரக் கன்று, முருங்கைக்காய்க்கு மேலே இரண்டு இலை முளைத்த மாதிரி இருக்கிறது. அண்ணன் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார், எனக்குப் பெருமையாக இருந்தது. பலகையைத் திறந்து கை தட்டினார்கள். அண்ணனுக்கு அந்த நான்கு மொழியில் படிக்கத் தெரிந்தது தமிழ்தான். கிட்டே போய்ப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் ஜோதி, என்னை இடுகாட்டுக்கா காவல் வச்சிருக்கீங்க?"

பார்த்தேன். இடுகாடு என்றுதான் இருந்தது. பெரிய பச்சை எழுத்தில்.

செப்டம்பர் 17

பலகை எழுதிய கடைக்கு ஃபோன் செய்தேன். மாணிக்கம் என்று ஒருவர் எடுத்தார், அங்கே தமிழ் எழுத்தெல்லாம் அவர் பொறுப்பாம். "மேடம், நீங்க ஸ்பெல்லிங் தப்பா எழுதியிருந்தீங்க. ஈடுகாடுன்னு ஒரு வார்த்தையே கிடையாது. நான்தான் பார்த்துச் சரி பண்ணேன்" என்றார். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த குரல். எழுதும்போது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? ஒரே ஒரு எழுத்துத்தானே தள்ளி இருக்கிறது.

சாரிடம் மாற்றச் சொன்னேன். "பலகைக்கான பட்ஜெட் முடிஞ்சு போச்சு. விடுங்க லா, தமிழை யாரு படிக்கப் போறா?"

தமிழ்க்காரர் தமிழில் சொன்னார்.

அக்டோபர் 10

ஆற்றுவாயில் செம்மண் லாரிகள். அண்ணன் வீட்டை இடித்துவிட்டார்கள். அண்ணிக்கு புக்கிட் பாஞ்சாங் வீடு பிடித்துவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர், சேறு மிதிக்காமல் கோவிலுக்குப் போகலாம். அண்ணன் ஐந்தாவது மாடி ஜன்னலில் நின்று, "இங்கேர்ந்து தண்ணியே தெரியலை" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். சுவா சூ காங்கில் அப்பா அம்மா கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்று அதிகம். அண்ணன் குந்தி உட்கார்ந்து கையால் மறைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்களைக் கிராஞ்சிக்கு அழைத்துப் போய்க் கன்றுகளைக் காட்டினார். புது இலை விட்டிருந்தது. "அடுத்த வருஷம் பாரு, ஜோதி." அண்ணி பலகையைப் படித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

1985

பிப்ரவரி 20

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு கிராஞ்சிக்குப் போனேன். கன்றுகள் மஞ்சளாகிவிட்டன. குளத்தில் மழைத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து நாறுகிறது. கடல் தண்ணீர் ஏறி இறங்கினால்தான் இந்த மரம் பிழைக்குமாம். குளத்தைச் சுற்றிக் கரை, மதகு துருப்பிடித்து மூடிக் கிடக்கிறது. பிறகு எப்படி ஏறும்?

சாரிடம் கேட்டேன். நிதி நடுவதற்குத்தானாம். கரையும் மதகும் வேறொருவருக்குச் சொந்தமாம், திறக்க வேண்டுமானால் தனி அனுமதி, தனிச் செலவு. "நட்டாச்சு, ஃபோட்டோ எடுத்தாச்சு, மேலிடம் ஓகே சொல்லிட்டாங்க. நம்ம கடமை முடிஞ்சுது, ஜோதி." நடுவதற்குப் பணம் இருக்கிறது. உயிரோடு இருப்பதற்கு இல்லை.

மார்ச் 11

சாரிடம் மதகைப் பற்றி மறுபடி கேட்டேன். மறுபடி அதே பதில்.

ஏப்ரல் 6

நேற்றுப் பெரிய வெள்ளி. அண்ணன் கோவிலுக்கு வரவில்லை. லீவு நாள், யாரும் இருக்கமாட்டார்கள் என்று மண்வெட்டியோடு கிராஞ்சிக்குப் போய்க் கரையை வெட்டியிருக்கிறார். கடல் ஏறுகிற நேரம். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. சின்ன மீன்கள்கூட வந்ததாம், அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது கரைக்காரரின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் லாரியில் மண் கொண்டுவந்து வெட்டிய இடத்தை அடைத்தாயிற்று.

ஒரே ஒரு தடவை ஏறி வந்த தண்ணீர். அதற்கு இவ்வளவு அவசரமாக மண் போட ஆள் கிடைக்கிறது.

ஏப்ரல் 9

அண்ணனை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். சார் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். "வேற யாரையாவது அடிக்கச் சொல்லட்டுமா?" என்றும் கேட்டார், அதையும் எழுதிவைக்க வேண்டும். நானே அடிக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வேறு ஒருத்தி என் அண்ணன் பெயரைத் தப்பும் தவறுமாக அடிப்பாளே என்றா? என்ன புத்தி இது.

ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை.

ஏப்ரல் 14

அண்ணன் இன்று ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். பூசை முடிந்ததும் நான் வெளியே வருவதற்குள் போய்விட்டார். அண்ணி மட்டும் நின்றார்.

"அவரு உன்கிட்ட பேசமாட்டாரு, ஜோதி. பக்கத்து வீட்டுப் பிள்ளை கடிதாசியைப் படிச்சுச் சொல்லுச்சு. அடியில சின்னதா உன் எழுத்து இருந்துச்சாம்."

கடிதத்தின் அடியில் டைப் செய்தவரின் முதலெழுத்தைப் போடுவது ஆபீஸ் வழக்கம். கை தானாகவே போட்டிருக்கிறது. "நான் எழுதலை அண்ணி, அடிச்சுத்தான் குடுத்தேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது எனக்கே அசிங்கமாக இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஜூலை 22

கிராஞ்சியில் ஒரு கன்றும் இல்லை. காய்ந்த குச்சிகள். இன்று அறிக்கை டைப் அடித்தேன்: நடவுப் பணி நிபந்தனைப்படி முழுமையாக நிறைவேற்றப்பட்டது. அதில் பொய் ஒன்றுமில்லை.

நவம்பர் 2

நான் போகும்போது அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்தது. அண்ணன் எனக்கு முன்னால் வந்து போய்விட்டார்.

1986

பிப்ரவரி 3

தேக்காவில் நண்டு வாங்கப் போனேன். அண்ணன் சரக்கு போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் அப்துல் கையூம், "இப்பல்லாம் இந்தோனேசியா நண்டுதாம்மா. உங்க அண்ணன் என்ன பண்றாரு?" என்றார். அடுக்குமாடி புளோக்கில் கூட்டிப் பெருக்குகிறார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நண்டு வாங்கவில்லை.

மே 19

ஆற்றுவாயில் கிடங்குகளைத் திறந்துவிட்டார்கள். நல்ல கிடங்குகள். சாருக்குப் பதவி உயர்வு. இன்னொரு முகத்துவாரத்துக்கு விண்ணப்பம் போகிறது, இந்தத் தடவை எதிர்ப்பு வருவதற்கு முன்பே ஈடாகக் காடு நடும் நிதியையும் சேர்த்து எழுதியாகிவிட்டது. 'கிராஞ்சியில் வெற்றிகரமாகச் செய்தது போல' என்ற வாக்கியம் இரண்டு இடத்தில் வருகிறது. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் முதல் காடாவது நின்றிருக்குமா? பேப்பரில் எழுதியவர்கள் விடாமல் பிடித்திருப்பார்களா? யோசித்து என்ன ஆகப் போகிறது. இரண்டு காடும் போயிற்று, அண்ணனும் விலகிப் போனார். எனக்கு எதிலும் பிடிப்பு இல்லை. செபம் சொன்னாலும் வாய்தான் சொல்கிறது.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். அண்ணி கேக் கொடுத்தனுப்பினார். அண்ணன் வரவில்லை.

1987

அக்டோபர் 27

யாரோ தமிழ் வாத்தியார் கிராஞ்சிப் பக்கம் போயிருக்கிறார். பலகையில் இடுகாடு என்று எழுதியிருக்கிறது, மொழிக்கு அவமானம், உடனே திருத்துங்கள் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டார். சார் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த புராஜெக்ட் ஓடுது, இப்ப போய் இந்தத் தலைவலி. போய்ப் பார்த்துட்டு வந்து கரெக்ஷன் எழுதிக் குடுங்க. பட்ஜெட் இருக்கு."

நவம்பர் 3

நேற்றுச் சுவா சூ காங்கில் வழக்கம்போல எனக்கு முன்னால் யாரோ ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ என்ன, அண்ணன்தான்.

இன்று காலை கம்பெனி லாரியில் கிராஞ்சிக்குப் போனேன். குளம் வற்றி வெடித்துக் கிடக்கிறது. குச்சிகள்கூட இல்லை, யாரோ அடுப்புக்குப் பிடுங்கிப் போயிருப்பார்கள். பலகை மட்டும் பளிச்சென்று நிற்கிறது. சாயம் நல்ல சாயம்.

பலகையின் காலடியில் மெழுகு உருகிக் கிடந்தது. நேற்று ஏற்றியது புதிதாக, வெள்ளையாக. அதன் கீழே மண்ணோடு மண்ணாகப் பழுப்பேறிய பழைய மெழுகு, போன வருடத்தது, அதற்கும் முந்தினது. காற்று அணைக்காமல் இருக்க மூன்று பக்கமும் கல் வைத்திருந்தார். பலகையைப் படித்துச் சிரித்த மனிதர், பிறகு அது சொன்னபடியே வருடா வருடம் வந்திருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கைப்பையில் நேற்றைய மெழுகுவர்த்தி ஒன்று மிச்சம் இருந்தது. அண்ணன் வைத்த கல்லுக்குள் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.

ஆபீஸில் சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன மாத்தணும், சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம், சார். தமிழ் சரியாத்தான் இருக்கு" என்றேன்.