தகரம் மூடிய ஊற்று

என் பிரியமுள்ள ஷிபாவுக்கு,

மாதா உன்னையும் நம் மகன் பெனினையும் காக்கட்டும். உன் முதுகுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. உதடு மட்டும் வெடித்திருக்கிறது.

இங்கே தான்சானியாவில் ஆறு மாதமாக மழை இல்லை. வரும் என்று இப்போது யாரும் சொல்வதுமில்லை. நான் சமைக்கும் சுற்றுலாக் கூடாரங்களுக்குப் பக்கத்து ஆறு வெறும் மணல். திங்கட்கிழமை ஒரு யானை அந்த மணலைக் காலால் தோண்டி ஊற்று எடுத்தது, முட்டம் கடற்கரையில் நாம் தோண்டுவது போலவே. அது குடித்துவிட்டுப் போனதும் நான் ஒரு குடம் மொண்டேன். "தொறந்து போட்டுட்டு வராதீங்க, நாயி வாய வச்சிரும்" என்பாயே, அந்தப் பழக்கம். ஊற்றைத் தகரத்தால் மூடி, மேலே கல்லையும் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் போனால் தகரம் முழுக்கக் குளம்புக் கீறல். பக்கத்தில் ஒரு வரிக்குதிரைக் குட்டி செத்துக் கிடந்தது. தாய் தகரத்தை நக்கிக்கொண்டு நின்றது. கூட வேலை செய்யும் ஜுமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கல்லையும் தகரத்தையும் தூக்கித் தூர எறிந்துவிட்டு வந்தேன்.

நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. பெனின் பேசுவதைப் போனில் பதிந்து அனுப்பு; இங்கே சிக்னல் இல்லை, டவுனுக்குப் போகும்போது கேட்பேன். லாரி ஹாரன் அடிக்கிறது, கடிதத்தை டிரைவரிடம் கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய். நம் ஊற்றை இனி மூடாதே. நாய் குடித்தால் குடிக்கட்டும்.

உன் கிளீட்டஸ்