வெள்ளை எழுத்தில் இருநூறு முறை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? சித்தப்பா வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. இணையத்தில் 'ஃபிரிட்ஜ் ரிப்பேர்' என்று தேடினால் சித்தப்பா கடை மூன்றாவதாக வரும். முதலாவதாக வரட்டுமே என்று, இம்போசிஷன் எழுதுவது போல அந்த வார்த்தைகளையே அவர் வெப்சைட்டின் அடியில் இருநூறு முறை அடித்தேன். யார் கண்ணிலும் படாமலிருக்க வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. தேடுபொறி கண்டுபிடித்துவிட்டது. ஏமாற்று வேலை என்று கடையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. இப்போது ஒன்பதாம் பக்கத்திலும் காணோம்.

ஐந்து நாளாக யாரும் கூப்பிடவில்லை. சித்தப்பா சித்தியின் போனிலிருந்து கடைக்கு அடித்து, "நல்லாத்தானே அடிக்குது" என்கிறார்.

"நானே எத்தனை தடவைங்க கஸ்டமரா இருக்கிறது?" என்று சித்தி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடை வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ள வரும் அக்காதான் ஏதோ கெடுத்துவிட்டாள் என்று சித்தப்பா நினைத்து, "நாளைக்கு வந்ததும் அந்தப் பொண்ணை வேணாம்னு சொல்லிடணும்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். என்னை நம்பி பாஸ்வேர்டு கொடுத்தவள் அந்த அக்கா.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஆனாலும் பழைய இடத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகுமாம். அக்கா வருவதற்குள் காலையில் சித்தப்பாவிடம் சொல்லப் போகிறேன். படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அசதியாக இருக்கிறது அம்மா.

யாராவது வந்தால் உன் புடவை ஒன்று கொடுத்தனுப்பு. புதுசு வேண்டாம், நீ கட்டினது.

சித்தப்பா இருமுகிறார், டார்ச்சை அணைக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் கடை நம்பருக்கு ஒரு தடவை கூப்பிடு. அந்த போன் அடிக்கட்டும்.

உன் மகள்