எரிக்காத தாருக்கு வந்த பணம்

என் தங்கச்சி வயிற்றில் பிறந்த சிங்கமே, மாப்பிள்ளை பாலாஜி,

பணம் வந்துவிட்டதுடா.

நீ கேட்டுக் கேட்டு நாக்கு வறண்ட பணம். கனடாவில் அந்த நிதிக் குழு “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இழுத்தடித்த பணம். நீ கண்ணை மூடிய பிறகு மேளதாளத்தோடு வந்து இறங்கியிருக்கிறது. உன் தங்கச்சி கீதா போனில் படம் காட்டினாள். கோட்டு போட்டவர்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிறார்கள். நடுவில் உன் பேராசிரியர் ரிப்பன் வெட்டுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். கீதாவின் போன் என்பதால் தப்பித்தது.

“இன்னா எழுதிக்கீது, படி” என்றேன்.

எண்ணெய் மணலில் இருந்து எடுக்கிற தாரை எரிக்காமல், நூலாகவும் கம்பியாகவும் பலகையாகவும் மாற்றுகிற வேலைக்கு இனிமேல் பெரிய நிதி என்று படித்தாள். யார் யாரோ பெயர்கள் வந்தன.

“உங்க அண்ணன் பேரு?”

“இல்ல மாமா.”

“கீய, அடியில பாரு.”

“கீயயும் இல்ல.”

அதனால்தான் இந்தக் கடிதம். உன் வருஷ நினைவுக்கு நோட்டீஸ் அடிக்கப் போனால், படத்துக்குக் கீழே நாலு வரி போதும் என்றார் அச்சகத்துக்காரர். நாலு வரியில் அடங்குவதற்கு அவன் என்ன தொலைந்து போன மாடா என்று கேட்டேன். முழுத் தாளும் எனக்கே. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் தொடங்கிப் பெருநகர் கிராமம் வரைக்கும் கொடுக்கப் போகிறேன். படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் எட்டாவது, அதுவும் அரைப்பரீட்சை வரைக்கும்தான். ஆனால் தார் விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செய்யாற்றுக்கு இந்தப் பக்கம் நான் மேஸ்திரியாக நின்று போட்ட ரோட்டில் யானை போனாலும் தடம் விழாது. ஒரு பெரிய இன்ஜினியர் காரை நிறுத்தி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். அப்படிப்பட்ட என்னிடம்தான், கனடாவுக்கு ஆராய்ச்சிக்குப் போன நீ வந்து, அங்கே ஒரு காட்டுக்கு அடியில் மண்ணே தாராகக் கிடக்கிறது என்றாய்.

“அத்த இன்னாடா பண்றாங்க?”

“மண்ணச் சுடுதண்ணியில கழுவித் தார எடுப்பாங்க மாமா. அப்புறம் காய்ச்சி எண்ணெயாக்கி வண்டியில ஊத்தி எரிக்கறாங்க. அத்தினியும் பொகை. நீங்க தார வச்சி ரோடு போடறீங்க. அது எரியுதா? அப்படியே கெடக்குது இல்ல? நான் அதையே நூலாப் பண்றேன். இரும்ப விட லேசு, இரும்ப விட கெட்டி.”

“அப்ப நான் பண்றதத்தான் நீயும் பண்ற.”

“ஆமா மாமா. நீங்கதான் எனக்கு சீனியர்.”

இதை நீ சொன்னது சத்தியம். கனடா சர்க்கார் என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்கியது என்று ஊரில் சொன்னது மட்டும் நான் சேர்த்தது. நீ பக்கத்தில் நின்று சிரித்தாயே தவிர, மறுத்துப் பேசவில்லை.

கடைசி லீவில் வந்தபோது நூல் கண்டு ஒன்று கொண்டுவந்தாய். தலைமுடி மாதிரி மெல்லிசாக, கறுப்பாக, பளபளவென்று இருந்தது. முதன்முதலாகச் சரியாக வந்த நூல், ஞாபகமாக நீயே வைத்துக்கொள் என்று பேராசிரியரே கையில் கொடுத்தாராம். அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு நான் டீக்கடைக்குப் போனேன். இரும்புக்கு அப்பன் வந்திருக்கிறான், பாருங்கள் என்று சொல்லி, ஒரு செங்கல்லைக் கட்டித் தூக்கினேன். முடிச்சிலேயே பட்டென்று ஒடிந்தது.

“இன்னா மேஸ்திரி, இரும்புக்கு அப்பன் ஒரு செங்கல்லுக்கே செத்துட்டான்?” என்றான் கடைக்காரன் முனுசாமி.

நீ பின்னாலேயே வந்து நின்றிருந்தாய். “நேரா இழுத்தா லாரியத் தாங்கும்ணா. முடிச்சு போட்டா ஒடையும். முடிச்சு போட்டது மாமா.”

“அப்ப தப்பு மேஸ்திரிது.”

“செங்கல்லு சரியில்ல” என்றேன் நான். கடையே சிரித்தது. நீ சிரித்த சிரிப்பில் டீ புரையேறி, நான்தான் உன் தலையில் தட்டினேன்.

அந்தச் சிரிப்போடு விமானம் ஏறிப் போனவன் நீ. போன இடத்தில் என்ன நடந்தது? முதல் தவணைப் பணம் தீர்ந்துபோனது. அடுத்தது வேண்டுமென்றால், இந்த நூலை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள், எப்போது லாபம் வரும், எழுதிக்கொண்டு வா என்றார்கள். எழுதினாய். இன்னும் எழுது என்றார்கள். நட்ட வாழைக்கன்றைத் தினமும் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்த்தால் அது எப்போது வேர் விடும்? அதே தாரை எரிக்கிறேன் என்று போகிறவனை யாராவது இப்படி வாசலில் நிற்க வைக்கிறார்களா? அவனுக்கு நாற்காலி. எரிக்காமல் வைத்திருக்கிறேன் என்றவனுக்குக் கேள்வி.

பணம் இல்லையென்று வேனையும் டிரைவரையும் நிறுத்தினார்கள். தார் எடுத்துவர நீயே காரை ஓட்டிக்கொண்டு போனாய். ரோட்டின் மேல் கண்ணாடி மாதிரி பனி, கார் சறுக்கிக் கவிழ்ந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குப் பனி ரோட்டைப் பற்றி என்ன தெரியும்? ஒரு டிரைவர் சம்பளம். அதற்கு அன்றைக்கு இல்லாத பணம், இன்றைக்கு ரிப்பன் வெட்ட எங்கிருந்து வந்தது? யாராவது எனக்குச் சொல்லட்டும். நான் எட்டாவதுதான், மெதுவாகச் சொன்னால் புரியும்.

உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். கல்யாண வேட்டி எடுக்க வேண்டிய கையால் கோடித் துணி போட்டேன். பதினாறாம் நாள், கல்யாணம் ஆகாமல் போன பிள்ளைக்கு நம் வீடுகளில் செய்கிற மாதிரி, உன்னை வீட்டுச் சாமியாக்கினோம். புது மூங்கில் கூடை, அதில் வேட்டி, துண்டு, மஞ்சள், பூ. உன் அம்மா தனம் அந்த நூல் கண்டையும் உள்ளே வைத்து மூடினாள். நடு வீட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டோம். ஆடியில் ஒரு தரம் இறங்கும். வீட்டில் கல்யாணம் வந்தால் இறங்கும். வேறு எதற்காக இறக்குவதானாலும் தாய்மாமன் புது வேட்டி கொண்டுவந்து வைத்துக் கேட்க வேண்டும். நான் வேட்டி வைக்காமல் அந்தக் கூடையில் யாரும் கை வைக்க முடியாது.

இப்படியிருக்க, படம் வந்த அடுத்த வாரம் அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. உன்னிடம் இருந்த நூல் கண்டு திட்டத்தின் சொத்தாம். முழுவதையும் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

சொத்தாம்டா. கொடுக்கும்போது ஞாபகம், கேட்கும்போது சொத்து.

நேரில் பேசுகிறேன் என்றேன். கீதா போனில் முகம் தெரிகிற மாதிரி போட்டுக் கொடுத்தாள். பேராசிரியர் இருந்தார், பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். அன்றைக்கு நான் விட்ட இங்கிலீஷ் இருக்கிறதே, கலெக்டர் ஆபீஸில்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டிரைவர், ஐஸ், ஷேம், நோ நேம், நோ நூல். கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். பேராசிரியர் ஆடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, நீங்க மைக்கையே போடல” என்றாள் கீதா.

போடாவிட்டால் என்ன? என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

கீதா மைக்கைப் போட்ட பிறகு அந்தப் பெண்தான் தமிழில் பேசினாள். மைதிலி, யாழ்ப்பாணத்துப் பெண், உன்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவளாம்.

“மாமா, உங்கட கோபம் எனக்கு விளங்குது. ஆனா நாங்கள் இப்ப செய்யிற நூல் பாலாஜி செய்த மாதிரி வருகுதில்லை. அவர் எந்தச் சூட்டில, எப்பிடி இழுத்தவர் எண்டு அந்த நூலை வச்சுத்தான் கண்டுபிடிக்கலாம். இல்லையெண்டால் இந்தக் காசெல்லாம் வேற ஆக்கள்ட முறைக்குப் போயிடும். அவர்ட முறை அதோட முடிஞ்சுது.”

“அவன் பேரு போடுவாங்களாம்மா?”

பக்கத்தில் இருந்த பேராசிரியரை ஒரு பார்வை பார்த்தாள். “பொய் சொல்ல மாட்டன் மாமா. அது மேல இருக்கிறவையின்ட முடிவு. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.”

“அப்பன்னா கூடை எறங்காது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஊரே என் பக்கம். முனுசாமி டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள். மேஸ்திரி கனடாவையே நிறுத்திவிட்டார் என்று பேச்சு. மூங்கில் கூடையை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தின் பணத்தை நிறுத்திய ஆள் இந்தத் தாலுகாவில் வேறு யார் இருக்கிறார்கள்? நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. தனம் மட்டும் என்னோடு பேசவில்லை.

ஒரு நாள் நல்ல ஐப்பசி மழை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, வேட்டி வாங்கினியா?”

“பேரு வரட்டும்.”

“பேரு நான் வச்சேன் அவனுக்கு. அவங்க இன்னாத்துக்கு வைக்கணும்?”

“நாயம்னு ஒண்ணு கீது இல்ல தனம்?”

“நாயம் ஒரு பக்கம் கீட்டும். அவன் மொறைய வுட்டுட்டு வேற எவனோடதையோ பண்ணிக்கினு போனாங்கன்னா, எம்புள்ள எதுக்குண்ணா அந்த ரோட்ல போனான்?”

கொடியில் கிடந்த துண்டை எடுத்து, தலையைத் துவட்டு என்று நீட்டினேன்.

“நீ எடுத்துக்கினு வர்றியா, வேற ஆளப் பாக்கட்டா?” என்றாள்.

“உனக்கு வேற அண்ணன் ஏது?”

“அதான் கேக்குறேன்.”

மறுநாள் உத்திரமேரூர் போனேன். கடையில் இருக்கிறதிலேயே உசத்தியான வேட்டி. கரை மட்டும் ஒரு சாண் இருக்கும். கடைக்காரர், எந்த மந்திரிக்கு என்று கேட்டார். என் மாப்பிள்ளைக்கு என்றேன். எப்போது கல்யாணம் என்றார். காசை வைத்துவிட்டு வந்தேன்.

வேட்டியை வைத்து, கற்பூரம் காட்டி, “நைனா, எறங்கி வாப்பா, உன் வேல கெடக்குது” என்று சொல்லிக் கூடையை இறக்கினேன். தனம் கண்டை எடுத்தாள். முழங்கையில் இருந்து விரல் நுனி வரை நூலை மெல்ல நீட்டி வைத்தாள்.

“ஒரு மொழம். வெட்டு.”

“முழுசும் கேட்டாங்கம்மா” என்றாள் கீதா.

“கேப்பாங்க.”

கீதா கத்தரிக்கோலால் வெட்டினாள். மிச்சத்தை உள்ளே வைத்துக் கூடையை மூடினோம். பரிசோதனைக்கு ஒரு முழம் தாராளம் என்று மைதிலியும் சொன்னாள். அப்படியானால் முழுவதும் எதற்குக் கேட்டார்கள்? கேட்டுப் பார்ப்பதுதானே அவர்கள் வழக்கம்.

கூரியர் கடையில் ஒரு பையன், “உள்ள இன்னா சார், மதிப்பு எவ்ளோ போடட்டும்?” என்றான். எனக்குத் தலைக்கேறியது. “கனடாவுல கோட்டு போட்டவங்களாலயே மதிப்பு போட முடியல. நீ போட்டுடுவியா?” அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். கீதாதான் என்னை வெளியே தள்ளிவிட்டு ஏதோ எழுதிக் கொடுத்தாள்.

நூல் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் முழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுத் தாரைச் சூடேற்றி இழுத்துக்கொண்டிருக்கிறார்களாம். சரியாக வருமா? மைதிலிக்கே இன்னும் தெரியவில்லை. வந்தால் அது உன் நூல். யார் ரிப்பன் வெட்டினாலும் உன் நூல்.

தனத்துக்கு அது போதுமாம். எனக்குப் போதாது. நான் அவ்வளவு பெரிய மனசுக்காரன் இல்லை, ஆறவும் மாட்டேன். நீ அந்தக் கூடையில் இருந்துகொண்டு கேட்டுக்கொள், இது மாமன் உனக்குக் கொடுக்கிற வாக்கு. அவர்கள் உன் பெயரைப் போடுகிற வரைக்கும் மாசம் ஒரு கடிதம் அந்த நிதிக் குழுவுக்குப் போகும். பாலாஜி யார் என்று அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் முதற்கொண்டு கேட்க வைப்பேன். எல்லாம் தமிழில்தான் எழுதுவேன். படித்துச் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்ளட்டும். ஒரு டிரைவருக்குக் கொடுக்காத சம்பளத்தை அந்த ஆளுக்காவது ஒதுக்கட்டும்.

உன் கல்யாண வேட்டிக்குக் கொடுத்து வைக்காமல்,
ஆடிக்கு ஆடி உன் கூடைக்கு வேட்டி எடுக்கிற
உன் தாய்மாமன்